செயலாளரின் ஆண்டறிக்கை: பொதுப் பாத்தியும் காலைத் தண்ணீரும்

நம் தோட்டச் சங்கத்தின் தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு 6 முறை கூடியது. விதைப் பரிமாற்றம் 2 முறை நடந்தது. மண்புழு உரச் செயல்விளக்கம் நல்லபடியாக முடிந்தது.

பொதுப் பாத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நிழல்வலை வீண் செலவு என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு எழுந்தது. வலை என் யோசனை. பதில் சொல்வதும் என் கடமை. கோடையில் வலைக்கடியில் வல்லாரையும் கொத்தமல்லியும் வாடாமல் நின்றதை வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். பச்சையாக உண்ணும் இலைக்கோசான லெட்டூஸ் வரவில்லை, உண்மைதான். மண் சூடு 30 டிகிரியைத் தாண்டினால் அந்த விதை பெரும்பாலும் முளைக்காது. முளைத்த சிலவும் தண்டு நீண்டு பூவெடுத்துக் கசந்துவிட்டன. அதற்கு வலை என்ன செய்யும்? தண்டுக்கீரையும் சிறுகீரையும் வெயிலுக்கென்றே பிறந்தவை. நிழலில் விட்டால் மெலிந்து சாய்ந்துவிடும். அவற்றைத் திறந்த பாத்தியில், மணல் கலந்து தூவினோம். நான்காம் நாள் முளைப்பு, ஒரு மாதத்துக்குள் பறிப்பு.

இந்தக் கீரைகளின் இரண்டாம் விதைப்புதான் மனதை உறுத்துகிறது. காலையில் தண்ணீர் விட 14 பேர் முறை எழுதிக்கொடுத்தார்கள். தவறாமல் வந்தவர்கள் 4 பேர். சிலர் இருட்டும் நேரத்தில் வந்து பூவாளியால் தலையோடு தெளித்துவிட்டுப் போனார்கள். இரவெல்லாம் இலை ஈரத்தில் நின்றது. கொஞ்ச நாளில் இலைமேல் மஞ்சள் புள்ளி. திருப்பினால் அடியில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைக் கொப்புளம். வெள்ளைத் துரு என்னும் இலைநோய். இரண்டு பாத்தியையும் வேரோடு பிடுங்கி, உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்தினோம். அன்று என்னோடு குனிந்து நின்றவர் பொருளாளர் மட்டுமே.

கணக்கை அவர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி, கையிருப்பு சொற்பம். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களின் சந்தா இன்னும் வரவில்லை. பெயர் சொல்ல விரும்பவில்லை. விதை வாங்கிச் செல்ல மட்டும் தவறாமல் வந்தவர்களும் அதில் இருப்பது வருத்தம்.

இடம் தந்தவருக்கும், எரு தந்தவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்த ஆண்டு கொடிப்பசலைக்குப் பந்தலும், வேரடி மட்டும் நனையும்படி சொட்டுநீர்க் குழாயும் போட எண்ணம். நிலுவைச் சந்தா வந்தால்தான் குழாய். அதுவரை பூவாளிதான், காலையில் ஆள் வேண்டும். முறை நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது. திங்கள், வியாழன் காலைகளுக்கு இதுவரை ஒரு பெயர்கூட எழுதப்படவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்