பொத்தானுக்குப் பக்கத்தில் நாலு வரி: வங்கித் தலைமை நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வங்கித் தலைமை நிர்வாகிகளுக்கு,

வணக்கம். உங்கள் ஆப்பில் கார்டு பகுதியைத் திறந்தால் ‘சர்வதேசப் பயன்பாடு’ என்றொரு பொத்தான் இருக்கும். 2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவால் வந்தது அது. புதிதாகக் கொடுக்கும் கார்டு உள்நாட்டு ஏடிஎம்களிலும் கடைகளிலும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். வெளிநாட்டில் தேய்க்க வேண்டுமென்றால் வாடிக்கையாளரே அதைத் திறந்து, எவ்வளவு வரை என்று வரம்பும் வைத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகிறது? நிறம் மாறுகிறது. வெற்றி என்று ஒரு வரி வருகிறது. கதை முடிந்தது.

ஒருவர் வெளிநாடு கிளம்பப்போகிறார் என்பது உங்களுக்குத் தெரியவரும் நேரம் அதுதான். அவருக்குச் சொல்ல வேண்டியதை அந்தத் திரையிலேயே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் கட்டணம். பல கார்டுகளில் அந்நியச் செலாவணி மார்க்கப், அதாவது வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்ற நீங்கள் மேலே வைக்கும் தொகை, 3.5 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சிங்கப்பூர் முஸ்தபா கடையில் ஒரு லட்ச ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் 4,130 ரூபாய் இதற்கே போய்விடும். உங்கள் இணையதளத்தில் ஏதோ ஒரு பிடிஎஃப்பில், பொடி எழுத்தில் இது இருக்கிறது. இல்லை என்று சொல்லவில்லை. மகளின் பிரசவத்துக்காகக் கிளம்பும் ஓய்வுபெற்ற ஆசிரியை அதைத் தேடிப் படித்துவிட்டு விமானம் ஏறுவார் என்று உங்களில் யாராவது நிஜமாகவே நம்புகிறீர்களா? ஏடிஎம்மில் எடுத்தால் உங்கள் கட்டணம் தனி, அந்த ஊர் வங்கியின் கட்டணம் தனி. தாய்லாந்தில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு தடவையும் 220 பாட் (அந்த ஊர்ப் பணம்) வாங்குவது வெகுநாள் வழக்கம். ஆயிரம் எடுத்தாலும் அதே 220, பத்தாயிரம் எடுத்தாலும் அதே 220. கிரெடிட் கார்டில் பணமாக எடுத்தாலோ அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

அடுத்ததுதான் எனக்கு எரிச்சல் மூட்டுவது. கடையில் கார்டைக் கொடுத்தால் மெஷின் கேட்கும்: உள்ளூர்ப் பணத்திலா, இந்திய ரூபாயிலா? நம் ஆட்கள் யோசிக்காமல் ரூபாயைத் தொடுவார்கள். தெரிந்த பணம், கணக்கும் புரிகிறது, மாற்றுக் கட்டணமும் மிச்சம் என்று நினைப்பு. உண்மையில் அங்கே மாற்று விகிதத்தை வைப்பது கடைக்காரரின் வங்கியும் அதன் கூட்டாளி நிறுவனமும். கார்டு நிறுவனங்களான விசா, மாஸ்டர்கார்டின் விகிதத்தைவிட அது பல சதவீதம் மோசமாக இருப்பது சகஜம். கடைக்கும் அதில் பங்கு கிடைப்பதுண்டு. சில இடங்களில் நம்மைக் கேட்காமலே ரூபாயை அழுத்திவிடுவது சும்மா இல்லை. இத்தனைக்கும் மேல், வெளிநாட்டுக் கடையில் ரூபாயில் கட்டினாலும் உங்களில் சிலர் அதற்கென்று ஒரு கட்டணம் வைத்திருக்கிறீர்கள்!

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இப்படி மாற்றும்போது, ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்பதைப் பணம் கட்டும் முன்பே காட்ட வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து அங்கே அதுதான் சட்டம். பாங்காக் கடையின் மெஷினுக்கு நம் ஊர்ச் சட்டம் செல்லாது, சரி. ‘ரூபாயைத் தொடாதீர்கள், உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்’ என்று உங்கள் ஆப்பில் ஒரு வரி போட எந்தச் சட்டம் வேண்டும்?

அப்புறம் திருட்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கியிடம் சொல்லும்வரை போனது அவர் தலையில்; சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். தவறு இரண்டு பேர் மேலும் இல்லையென்றால், உங்கள் தகவல் கிடைத்து மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு நஷ்டமே கிடையாது. ஆக, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோம் என்பதுதான் எல்லாம். எங்கே சொல்வது? கார்டின் பின்பக்கம் இருப்பது பெரும்பாலும் 1800-இல் தொடங்கும் எண். வெளிநாட்டிலிருந்து அது பொதுவாகக் கிடைக்காது. கார்டோடு அந்த எண்ணும் பறிபோயிருக்கும் என்பது வேறு விஷயம்.

இதில் சிம் விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. இறங்கியதும் உள்ளூர் சிம் வாங்கிப் போட்டு, நம் சிம்மைக் கழற்றிப் பர்ஸில் செருகிக்கொள்கிறார்கள். பணம் போன எஸ்எம்எஸ் வராது. நியாயமான செலவுக்குக் கேட்கும் ஓடிபியும் வராது. திருடனுக்கு அந்தத் தொல்லைகூட இல்லை, ஏனென்றால் ஓடிபி கேட்காத வெளிநாட்டு இணையக் கடைகள் ஏராளம். நம் சிம்மில் ரோமிங்கைத் திறந்துவைத்து போனின் இரண்டாவது சிம் இடத்தில் விட்டுவைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதையும் ஒருவரும் சொல்வதில்லை. எஸ்எம்எஸ் ஓடிபியை மட்டுமே நம்பாமல் வேறு வழிகளையும் பயன்படுத்த 2026 ஏப்ரல் 1 முதலான ரிசர்வ் வங்கி விதிகள் இடம் தருகின்றன. அந்த வழிகளை முதலில் வெளிநாடு போகிறவர்களுக்குத் திறந்துவிடுங்கள்.

யுபிஐ இருக்கிறதே என்பீர்கள். இலங்கையிலும் மொரீஷியஸிலும் 2024 பிப்ரவரியிலிருந்து கடைகளில் செல்கிறது, மகிழ்ச்சி. அதற்கும் ஆப்பில் தனியாக ஒரு பொத்தானைத் திறக்க வேண்டும் என்பது கியூஆர் முன்னால் நிற்கும்போதுதான் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய வேலை இல்லை. பொத்தானைத் தொட்டதும் ஒரு திரை வரட்டும், தமிழிலும் வரட்டும். இந்தக் கார்டில் பத்தாயிரம் ரூபாய் செலவழித்தால் மொத்தம் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று ரூபாயில். மெஷின் கேட்டால் எதைத் தொடுவது என்று. +91 உடன், வெளிநாட்டிலிருந்து கிடைக்கும் ஓர் எண். அதைத் தாளில் எழுதி வேறு பையில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு குறிப்பு. கடைசியாக, திரும்பி வரும் தேதி என்ன என்றும் கேளுங்கள். அந்தத் தேதி தாண்டியதும் பொத்தான் தானே மூடிக்கொள்ளட்டும். திறந்தவர்களில் எத்தனை பேர் ஊர் வந்ததும் நினைவாக மூடுகிறார்கள் என்பதை உங்கள் கணினிகளே சொல்லும்.

இப்படிக்கு,
உங்கள் கார்டோடு ஊர் சுற்றும் ஒரு வாடிக்கையாளர்