முடி பிடுங்குறவங்கள முதல்ல பாக்குற தோல் டாக்டர்களுக்கு

தோல் டாக்டர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

இத மனநல டாக்டர்களுக்கு எழுதாம உங்களுக்கு எழுதுறதுக்கு காரணம் இருக்கு. தன் முடிய தானே பிடுங்கிக்கிறவங்க யாரும் நேரா மனநல டாக்டர்கிட்ட போறதில்ல. தலையில ஒரு இடத்துல திட்டா முடி இல்லாம தெரியும், வீட்டுல பயந்துபோய் கூட்டிட்டு வர்றது உங்ககிட்ட தான். அங்க நீங்க கேக்குற முதல் கேள்வியிலயே அவங்க வாய் திறப்பாங்களா, இல்ல இன்னும் நல்லா ஒளிச்சு வைக்க கத்துக்குவாங்களானு பாதி முடிவாயிடுது.

தன் முடிய தானே பிடுங்குற இந்த நோய்க்கு டிரைக்கோடில்லோமேனியானு பேரு, அது உங்களுக்கு புதுசு இல்ல. 1889ல அந்த பேர வச்சதே பிரான்ஸ்ல ஒரு தோல் டாக்டர் தான், ஹாலோபோ. நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இது இருக்கும்னு சொல்றாங்க, அதிகமா 10லேர்ந்து 13 வயசுல தான் ஆரம்பிக்குது. அப்படின்னா உங்ககிட்ட மாசாமாசம் யாராவது வந்துட்டு தான் இருப்பாங்க, "முடி கொட்டுது டாக்டர்"னு சொல்லிட்டு.

என்ன அம்மா கூட்டிட்டு போனப்ப அந்த டாக்டர் லென்ஸ் வச்சு பாத்தாரு. ஒண்ணு நீளமா ஒண்ணு குட்டையா உடஞ்ச முடிங்க, பாத்த உடனே அவருக்கு புரிஞ்சிருக்கும். அம்மா பக்கத்துல, நர்ஸ் பின்னாடி, கதவு வேற பாதி திறந்திருக்கு, "நீயே பிச்சுக்கறியா?"னு சத்தமா கேட்டாரு. இல்லனு சொன்னேன். வேற என்ன சொல்வா அந்த வயசு பொண்ணு. "பொய் சொல்றா, கைய கவனிச்சுக்கோங்க, மொட்டை போட்டு விடுங்க சரியாயிடும்"னு அம்மாகிட்ட சொல்லி, தலைக்கு தடவ ஒரு லோஷன் எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. அவரு கண்டுபிடிச்சது நூத்துக்கு நூறு சரி. ஆனா வைத்தியம்னு அங்க ஒண்ணுமே நடக்கல. மொட்டை போட்டா கை சும்மா இருக்காது டாக்டர், புருவத்துக்கு போகும், இமைக்கு போகும், எனக்கு அப்படித்தான் போச்சு.

வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இது என்னனு புரிய மாட்டேங்குது, அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன். படிச்சிட்டு இருப்பேன், கை அது பாட்டுக்கு மேல போகும், விரலு முடிக்கு நடுவுல தேடிட்டே இருக்கும், வழவழப்பா இருக்குறத எல்லாம் விட்டுட்டு சொரசொரனு நெளிஞ்சு ஒண்ணு இருக்கும் பாருங்க, அது கிடைக்கிற வரைக்கும் தேடும். கிடைச்சதும் பிடுங்கி, வேர்ல வெள்ளையா சின்னதா ஒட்டிட்டு இருக்குமே அத பாத்து, உதட்டுல ஒரு தடவ தேய்ச்சு பாத்தா தான் அந்த அரிப்பு அடங்கும். அப்புறம் அடுத்தது. புத்தகத்த நிமிர்த்தினா பக்கத்துக்கு நடுவுல ஒரு கொத்து முடி கிடக்கும். பல நேரம் பிடுங்குறது எனக்கே தெரியாது, சில நேரம் தெரிஞ்சே, கண்ணாடி முன்னாடி நின்னு, ட்வீசர் வச்சு. இந்த ரெண்டுமே ஒரே ஆளுகிட்ட இருக்கும். "டென்ஷன குறைச்சுக்கோ"னு எல்லாரும் சொல்றாங்க, டென்ஷன்ல வரும் தான், ஆனா சும்மா போரடிச்சு உக்காந்திருக்கும்போதும் அதே அளவுக்கு வரும்.

அதனால கேக்குற விதத்த மாத்துங்க. கூட வந்தவங்கள ரெண்டு நிமிஷம் வெளிய இருக்க சொல்லுங்க. "பிச்சுக்கறியா"னு கேட்டா இல்லனு தான் பதில் வரும், அதுக்கு பதிலா "நெறைய பேருக்கு கை முடிக்கு போகும், உனக்கு எந்த நேரத்துல ரொம்ப போகுது?"னு கேட்டு பாருங்க. பிடுங்கின முடிய வாயில வைக்கிற பழக்கம் இருக்கானும் அதே சாதாரண குரல்ல கேளுங்க, தயவுசெஞ்சு முகத்த சுளிக்காம. முழுங்குறவங்க இருக்காங்க, முடி செரிக்காது, வயித்துல உருண்டையா சேந்து ஆபரேஷன் வரைக்கும் போகும். வயித்து வலி, வாந்தி, பசியில்லாம இளைச்சு போறதுனு ஏதாவது சொன்னா அத லேசா விட்டுடாதீங்க.

அடுத்தது வைத்தியம். லோஷன், வைட்டமின் மாத்திரை எல்லாம் கை நிக்காம எதுக்கு ஆகும், நீங்களே சொல்லுங்க. பலன் குடுக்கும்னு நல்ல ஆதாரம் இருக்குறது பழக்கத்த மாத்துற பயிற்சிக்கு தான், ஹேபிட் ரிவர்சல்னு சொல்வாங்க, 1973லயே அஸ்ரின், நன்னுனு ரெண்டு சைக்காலஜிஸ்ட் எழுதி வச்சது. கை எப்ப போகுது, எங்க உக்காந்திருக்கும்போது, எந்த விரல் முதல்ல போகுதுனு முதல்ல எழுதி வைக்க சொல்வாங்க. அப்புறம் கை கிளம்புறப்பவே முஷ்டிய மூடி கீழ வச்சு ஒரு நிமிஷமாவது அப்படியே இருக்கணும், அந்த வேகம் கொஞ்சம் இறங்கும். கூடவே ட்வீசர தூக்கி போடுறது, படிக்கும்போது விரல்ல பிளாஸ்டர் ஒட்டிக்கிறது, தலையில துணி கட்டிக்கிறது. கேக்க சிரிப்பா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா தெரியாம பிடுங்குறதுக்கு அந்த பிளாஸ்டர் மாதிரி வேற எதுவும் எனக்கு உதவல.

மாத்திரை விஷயத்துல ஒரு வேண்டுகோள். டிப்ரஷனுக்கு குடுக்குற எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைய இதுக்கும் பழக்கத்துல எழுதி குடுக்குறாங்க, கூடவே டிப்ரஷனோ பதட்டமோ இருந்தா சரி, ஆனா பிடுங்குறத மட்டும் நிப்பாட்ட அது பெருசா உதவுதுனு ஆராய்ச்சியில வரல. என்-அசிட்டில்சிஸ்டீன்னு ஒரு அமினோ அமில மருந்து இருக்கு, அத வச்சு 2009ல 50 பெரியவங்ககிட்ட செஞ்ச சோதனையில மருந்து எடுத்தவங்க பாதிக்கு மேல முன்னேறினாங்க, ஆனா 2013ல பிள்ளைங்ககிட்ட செஞ்சப்ப அந்த பலன் வரல. மறதி நோய்க்கு குடுக்குற மெமன்டின் மாத்திரைக்கு 2023ல வந்த முடிவு நம்பிக்கையா இருக்கு, அதுவும் பெரியவங்கள வச்சு செஞ்சது தான். 12 வயசு பிள்ளைக்கு எழுதுறதுக்கு முன்னாடி இத கொஞ்சம் யோசிங்க. "மாத்திரை போட்டா ரெண்டு வாரத்துல நின்னுடும்"னு மட்டும் வீட்டுக்காரங்ககிட்ட சொல்லாதீங்க, நிக்கலனா திட்டு முழுக்க அந்த பிள்ளைக்கு தான் விழும்.

உங்களுக்கு நேரம் இல்லனு தெரியும், வெளிய அத்தனை பேர் காத்திருக்காங்க. பயிற்சிய நீங்களே குடுக்கணும்னு நான் கேக்கல. இந்த பயிற்சி தெரிஞ்ச ஒரு சைக்காலஜிஸ்ட் நம்பர மேசையில வச்சிருங்க, "இதுக்கு ஒரு பேரு இருக்கு, உன்ன மாதிரி நெறைய பேர் இருக்காங்க, இது திமிர் இல்ல"னு அம்மா அப்பா காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க. வருஷக்கணக்கா ஒரே இடத்துல பிடுங்கினா வேர் கெட்டுப்போய் முடி திரும்ப வராமலே போகலாம், அதனால சீக்கிரம் அனுப்புறது முக்கியம். அடுத்த தேதி போட்டு குடுக்கும்போது, பிடுங்குறத நிப்பாட்டியிருந்தாலும் நிப்பாட்டலனாலும் வானு சொல்லி அனுப்புங்க. திரும்ப வர்றப்ப தலையில முடி இல்லாத திட்டு பெருசாயிருந்தா "இன்னும் நிறுத்தலயா"னு ஆரம்பிக்காதீங்க, இந்த மாசம் எந்த நேரம் கஷ்டமா இருந்துச்சுனு கேளுங்க.

இப்படிக்கு,
உங்ககிட்ட வந்துட்டு போன பேஷன்ட் ஒருத்தி