போடிமெட்டு ஏறும் ஒரு லிட்டர் எஞ்சின்கள்: கார் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் டர்போ பெட்ரோல் கார் விற்கும் நிறுவனங்களின் எஞ்சின் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி ஏற்றும் விசிறி) கார்கள் எல்லாவற்றிலும் எஞ்சின் ஆயிலின் சூட்டை எண்ணாகக் காட்டுங்கள். தனி மீட்டர் வேண்டாம். பாட்டின் அட்டைப்படம் காட்டுகிற அந்தப் பெரிய திரையில் ஒரு மூலை போதும்.

நான் பூப்பாறையில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இடுக்கி மாவட்டம், கேரளம். ஆனால் உதிரிப் பாகம் வாங்க போடிக்குத்தான் இறங்குவோம், வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ்தான். போடியிலிருந்து மேலே போடிமெட்டுக்கு வர 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள்தான் எங்களுக்குச் சோறு போட்டவை. இப்போது சனி, ஞாயிறு ஆனால் மூணாறு போகும் டர்போ கார்களும் வந்து நிற்கின்றன.

உங்கள் எஞ்சின்களைப் பழிக்க வரவில்லை. ஹூண்டாய் ஐ20 என் லைன் 998 சிசி-யில் 120 பிஎஸ் (குதிரைத்திறன்) தருகிறது. ஃபெராரி 458 இட்டாலியா 4.5 லிட்டரில் 570 பிஎஸ். லிட்டருக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 127. டர்போ இல்லாமல் அதை எடுத்தது பெரிய வித்தை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் காய்கறி வாங்கப் போகிற கார் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறதே! நான்கு மீட்டருக்குள் நீளம், 1200 சிசி-க்குள் பெட்ரோல் எஞ்சின் என்றால் வரி குறைவு. அந்த எல்லைக்குள் நின்றுகொண்டு இவ்வளவு இழுவை எடுத்தது லேசான வேலை இல்லை.

ஆனால் இந்த மாதிரி சக்திக்கு என்ன விலை என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். 1977-இல் ரெனோ 1.5 லிட்டர் டர்போவை ஃபார்முலா 1-க்குக் கொண்டுவந்தபோது அது புகை விட்டுக்கொண்டு நின்ற கதை பிரபலம். 1983-இல் நெல்சன் பிக்கே 1.5 லிட்டர் நாலு சிலிண்டர் பிஎம்டபிள்யூ டர்போவை வைத்து உலகப் பட்டமே வாங்கிவிட்டார். அந்த எஞ்சினை ஒரு பந்தயம் முடிந்ததும் பிரித்துப் போடலாம். ஏழு வருடத் தவணையில் கார் வாங்கியவர் அப்படிப் பிரிக்க முடியாது. இன்றைய மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஏ 45 எஸ்-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லிட்டர், 421 குதிரைத்திறன், 2.1 பார் வரை பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றும் காற்றின் அழுத்தம். அதில் பாதிக் கதை சூட்டை வெளியே தள்ளுவதுதான். டர்போ தண்டுக்கு உருளை பேரிங், எக்ஸாஸ்ட் பக்கம் பின்னே போகும்படி எஞ்சினையே திருப்பிப் போட்ட அமைப்பு, கூடுதல் ரேடியேட்டர். ஓட்டுபவர் பார்க்க ஆயில் சூடும் திரையில் வரும். நம் ஊர் ஒரு லிட்டர் காரில் அத்தனையும் வேண்டும் என்று கேட்கவில்லை. பார்க்கிற வசதியை மட்டும் கேட்கிறேன்.

இங்கே நடப்பது இதுதான். விளம்பரத்தில் போடும் சக்தி 25 டிகிரிக் காற்றுக்குச் சரிசெய்து எழுதிய எண். சித்திரையில் போடிக்கு வந்து பாருங்கள், காற்று எப்படி இருக்கிறதென்று. அந்தக் காற்றில் நாலு பெரியவர்கள், டிக்கி நிறைய சாமான், ஏசி. இரண்டாம் கியர், வளைவுக்கு வளைவு ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிப்பது, வேகமோ முப்பதைத் தாண்டாது. டர்போ அழுத்திய காற்றைக் குளிர வைக்கும் இன்டர்கூலருக்கு எதிர்காற்றே கிடைக்காது. மேலே 1,300 மீட்டருக்கு மேல் போய்விட்டால் கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு குறைவு. அந்தக் குறையை நிரப்ப டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும், காற்று இன்னும் சூடாகும். நாக்கிங் (எரிபொருள் தானாகப் பற்றி எஞ்சினைத் தட்டுவது) வராமல் இருக்க கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப் போடும், எக்ஸாஸ்ட் இன்னும் சூடாகும். ஓட்டுபவருக்குத் தெரிவது ஒன்றே ஒன்று: பத்தாவது வளைவுக்கு மேல் வண்டி கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. அவர் இன்னும் அழுத்தி மிதிப்பார்.

இதையெல்லாம் சொல்ல டேஷ்போர்டில் என்ன இருக்கிறது? நிறைய கார்களில் இரண்டு விளக்கு. எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீலம், தண்ணீர் கொதித்தால் சிவப்பு. நடுவில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் சூடு சரியாக இருக்கும்போதே ஆயில் எங்கேயோ போயிருக்கலாம் என்பதை எந்த விளக்கும் சொல்லாது.

அப்புறம் டீ. போடிமெட்டில் ஏறி முடித்ததும் எல்லோரும் டீக்கடை முன்னால் நிறுத்திச் சாவியைத் திருப்பிவிடுவார்கள். ஆயில் ஓட்டம் அந்த நொடியே நின்றுவிடும். டர்போவில் எக்ஸாஸ்ட் படும் டர்பைன் பக்கம் அப்போதும் தணல்தான். பேரிங்கில் தங்கிய ஆயில் கரிந்து படியும். எஞ்சினை நிறுத்திய பிறகும் டர்போவுக்குத் தண்ணீர் ஓட்டும் மின்சாரப் பம்பைப் பல எஞ்சின்களில் வைத்திருக்கிறீர்கள், நல்ல காரியம். ஆனால் தன் காரில் அது உண்டா என்று வாங்கியவருக்குத் தெரியாது, பல நேரம் விற்றவருக்கும் தெரியாது. கடைசி இரண்டு வளைவை மெதுவாக ஏறுங்கள், ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள் என்று அந்தத் திரை ஒரு வரி சொன்னால் என்ன குறைந்துவிடும்?

ஆயில் மாற்றும் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். பல கையேடுகளில் ‘கடினமான பயன்பாடு’ என்று ஒரு அட்டவணை உண்டு. மலைப்பாதையும் அதில் வரும், ஆயிலைச் சீக்கிரம் மாற்றச் சொல்லும். எங்கள் பக்கத்து மனிதர் ஒவ்வொருவரும் அந்த அட்டவணைக்காரர்தான். சர்வீஸ் நினைவூட்டலோ சமவெளிக் கணக்கிலேயே வருகிறது. அதற்குள் அளவு குறைந்தால் ஜீப்புக்கு ஊற்றும் டீசல் எஞ்சின் ஆயிலையே இதிலும் ஊற்றிவிடுகிறார்கள். குறைந்த சுற்றில், முழுச் சுமையில், பொறி வருமுன்பே எரிபொருள் பற்றிக்கொள்ளும் கோளாறுக்காகத்தான் 2018-இல் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வகுத்த எஸ்என் பிளஸ் ஆயில் தரமும், 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. ஆயில் மூடியின் மேல் தமிழிலும் மலையாளத்திலும் எஸ்பி என்ற அந்த இரண்டெழுத்தை அச்சிடுங்கள். மூடியைத் திறக்காமல் யாரும் ஆயில் ஊற்ற முடியாது.

இறங்குவதைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. ஏறும்போது உங்கள் 1.0 லிட்டர் ஒரு 1.8 போல இழுக்கிறது. இறங்கும்போது டர்போவால் ஒரு பயனும் இல்லை, எஞ்சின் பிடிப்பு வெறும் 1.0 லிட்டருக்கு உரியதுதான். பழைய பெரிய எஞ்சினில் பழகியவர் அதே கியரில் இறங்கிப் பார்த்துவிட்டு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வருகிறார். மலையடிவாரத்து முந்தல் வருவதற்குள் பிரேக் நாற்றம். ஆட்டோமேட்டிக்கில் மேனுவல் பக்கம் தள்ளி முதல் கியரோ இரண்டாவதோ போட வேண்டும் என்பதை டெலிவரி நாளன்று, ரிப்பன் வெட்டிக் கேக் ஊட்டுகிற நேரத்தில், யாராவது சொல்லித் தரலாம்.

சக்தி கூட்ட எஞ்சின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி, ஸ்டேஜ் 1 ரீமேப் செய்துகொண்டு வரும் பையன்களுக்காக நான் வாதாடவில்லை. அவர்களுக்கு இந்த ஆயில் சூட்டு எண் இன்னும் அவசியம் என்று மட்டும் சொல்வேன்.

சூட்டுச் சோதனைக்கு நீங்கள் போகும் இடங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரை மாதம், நாலு பேர், ஏசி, ஆயிலில் ஒரு சென்சார். காலையில் தோட்ட ஜீப்புகள் ஏறி முடிந்த பிறகு முந்தலில் புறப்படுங்கள், இல்லாவிட்டால் வளைவுக்கு வளைவு அவற்றுக்கு வழிவிட்டே எண் தப்பாக வரும்.

இப்படிக்கு,
பூப்பாறையிலிருந்து ஒரு மெக்கானிக்