தோட்டத்தின் பின்மூலைக்கு நன்கொடை கேட்கிறோம்

அன்புடையீர், வணக்கம்.

மறுபடியும் கை நீட்டி வந்திருக்கிறோம். போன முறை நீங்கள் கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று முதலில் சொல்லிவிடுவதுதான் முறை.

பொதுத் தோட்டத்துக்குத் தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் வர வேண்டும் என்று சொல்லித்தான் வசூலித்தோம். வாங்கிய செடிகளில் பாதிக்கு மேல் அடுக்கு ரகங்கள்: அடுக்கு ரோஜா, அடுக்குச் செம்பருத்தி, அடுக்கு நந்தியாவட்டை. பூத்துக் குலுங்கின. படமெல்லாம் எடுத்தோம். தேனீதான் வரவில்லை. காரணம் பிறகுதான் உறைத்தது. அடுக்குப் பூக்களில் மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள் பெரும்பாலும் இதழ்களாக மாறிவிடுகின்றன. உள்ளே தேன் இருந்தாலும் அத்தனை இதழையும் விலக்கிப் போக வழியில்லை. தேனீயைப் பொறுத்தவரை அது பூட்டிய கடை.

அதே நாட்களில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யாரும் மண்வெட்டி வைக்காத மூலையில் ஒரே ரீங்காரம். அங்கே நாங்கள் நட்டது ஒன்றுமில்லை. தும்பை, மூக்குத்திப்பூ, நாயுருவி, ஓர் எருக்கு, தானாக முளைத்த இரண்டு ஆவாரை, யாரோ தொட்டியோடு போட்டுவிட்டுப் போன துளசி. அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் அந்த ஆவாரை பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீ வந்து பூவைக் கட்டிப் பிடிக்கும். பறந்த சத்தம் நின்று, வேறொரு சுருதியில் விட்டு விட்டு ஒரு கூர்மையான ரீங்காரம் கேட்கும். அந்தப் பூவின் மகரந்தப் பைகள் உப்புக் குப்பி மாதிரி. நுனியில் சின்னத் துளைதான். உடம்பை அதிர வைத்துக் குலுக்கினால்தான் பொடி கொட்டும். கூடு கட்டித் தேன் சேர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. தக்காளி, கத்தரிப் பூக்களும் இதே ரகம்தான், ஆகவே காய்கறிப் பாத்தி வைத்திருப்பவர்களுக்கும் இந்த வண்டு வேண்டியவர். அவர் குடியிருப்பது பட்ட மரத்தில் துளை போட்டு. நாங்களோ சுத்தம் என்ற பெயரில் பட்ட கிளைகளை எல்லாம் வெட்டி எரித்திருந்தோம்.

தேனீ என்றாலே கூடு, ராணி என்று நினைக்கிறோம். உலகில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உண்டு. பெரும்பாலானவை தனியாக வாழ்பவை, நிறைய இனங்கள் மண்ணுக்குள் வளை தோண்டுபவை. சிமெண்ட் பூசிய தரையில் அவற்றுக்கு இடமேது? ரோஜா இலைகளை யாரோ வட்டம் வட்டமாக நறுக்கியிருக்கிறார்கள், மருந்து அடியுங்கள் என்று ஒருவர் புகார் தந்தார். இலைவெட்டித் தேனீயின் கைவேலை அது. அந்தத் துண்டுகளைச் சுருட்டித்தான் தன் புழுக்களுக்கு அறை கட்டுகிறது. செடி சாகாது. மருந்து அடிக்கவில்லை, இனியும் அடிக்க மாட்டோம். (புகார் தந்தவர் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார்.)

சரி, தானாக முளைப்பதற்கு எதற்கு வசூல்? குழுவுக்குள்ளேயே இந்தக் கேள்வி வந்தது. பெரிய செலவு தண்ணீர்தான். மற்றதெல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில்தான் பூவைத் தேடிப் பூச்சிகள் அலைகின்றன. தொட்டியிலிருந்து மூலைவரை சொட்டுநீர்க் குழாய் இழுக்க வேண்டும். அடுத்து, முழங்கால் உயரத்துக்கு ஒரு வேலி; புல் வெட்ட வருபவர் களை என்று நினைத்து எல்லாவற்றையும் மழித்துவிடாமல் இருக்க. அப்புறம் செடிகள். இந்த முறை ஒற்றை இதழ்ச் செம்பருத்தி, சூரியகாந்தி, இன்னும் கொஞ்சம் துளசி, இரண்டு எலுமிச்சை. எலுமிச்சையில் வண்ணத்துப்பூச்சி முட்டையிடும், புழு இலையைத் தின்னும். தின்னட்டும். எருக்கையும் வெட்டப் போவதில்லை, வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி அதில்தான் முட்டையிடுகிறது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் குழந்தைகளுக்கு எட்டாதபடி வேலிக்கு உள்ளே இருக்கும். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். பூச்சிகள் மொய்க்கும்தான், ஆனால் விட்டால் மூலை முழுவதையும் அதுவே வளைத்துக்கொள்ளும்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பட்ட மரத்துண்டு, தும்பை விதை, கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைக்க அகலமான மண்தட்டு எதுவானாலும் கொண்டு வாருங்கள். செடி வாங்கித் தருபவர்கள், பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்; சில மருந்துகள் வேர்வழியாக ஏறி மகரந்தத்திலும் பூந்தேனிலும் கலந்துவிடும்.

தொகை இவ்வளவு என்று வைக்கவில்லை, முடிந்ததைக் கொடுங்கள். ரசீது வாங்காமல் எங்களில் யாரிடமும் கொடுக்க வேண்டாம். வரவு செலவு மாதாமாதம் தோட்ட வாசல் பலகையில் ஒட்டப்படும். கோடைக்கு முன்பே குழாய் வேலையை முடிக்க நினைக்கிறோம், அதனால் கொஞ்சம் சீக்கிரம்.

போன முறை நட்ட அடுக்கு ரோஜாக்களைப் பிடுங்கிவிடுவீர்களா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. இலைவெட்டித் தேனீக்கு இலை வேண்டுமே.

இப்படிக்கு,
தோட்டக் குழுவினர்