ஆக்ஸ்ஃபோர்டில் பழைய வயலின்களைப் பார்க்கப் போகுமுன்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, நம் பள்ளியில் வயலின் பயிலும் பிள்ளைகளை ஆக்ஸ்ஃபோர்டில் உள்ள ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போகிறோம். அங்கே இருக்கும் ஹில் தொகுப்பைப் பார்ப்பதுதான் நோக்கம். லண்டனில் வயலின் செய்வதையும் பழுது பார்ப்பதையும் விற்பதையும் தொழிலாகக் கொண்டிருந்த ஹில் குடும்பத்தார், தங்கள் கைக்கு வந்தவற்றுள் மிகச் சிறந்த சிலவற்றை 1939இல் இந்த அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கொடுத்தவர்கள் கைவினை அறிந்தவர்கள் என்பதால், எண்ணிக்கையில் சிறிய தொகுப்பாக இருந்தாலும் ஒவ்வொன்றும் நின்று பார்க்க வேண்டியது.

அந்த அறைக்கு வருகிறவர்களில் பலர் நேராக ‘மெசையா’ என்று பெயர் பெற்ற, இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த வயலினிடம் போய், ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். நம் பிள்ளைகள் அப்படித் திரும்பி வரக் கூடாது. எதைப் பார்க்க வேண்டும் என்பதை வீட்டிலேயே கொஞ்சம் சொல்லி அனுப்பினால் அங்கே கண்கள் தானாகவே தேடும். அதற்காகத்தான் இந்தக் கடிதம் சற்று நீளமாக இருக்கிறது.

முதலில் உங்கள் வீட்டு வயலினை எடுத்து விளக்கடியில் வையுங்கள். மேல்பலகையின் ஓரத்திலிருந்து சுமார் 4 மில்லிமீட்டர் உள்ளே, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என மூன்று கோடுகள் சுற்றிலும் ஓடும். இதற்குப் பர்ஃப்ளிங் என்று பெயர். நல்ல வயலினில் இது வரைந்த கோடு அல்ல. ஒன்றேகால் மில்லிமீட்டர் அகலத்துக்கும் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்கும் பள்ளம் தோண்டி, மூன்று மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து அதில் இறக்கியிருப்பார்கள். மலிவான வயலின்களில் மையால் கோடு போட்டுவிடுவார்கள். உங்களுடையது எது என்று பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். மூலைகளைப் பார்த்தால் தெரிந்துவிடும்: இரண்டு பக்கத்துப் பட்டைகளும் சந்திக்கும் இடத்தில், கறுப்பு நுனி தேனீயின் கொடுக்குப் போல மூலையை நோக்கி மெல்லியதாக நீண்டால், அது கத்தியும் உளியும் செய்த வேலை.

இது அழகுக்கு மட்டும் அல்ல. வயலினின் ஓரம் அடிக்கடி இடிபடும். அங்கே விழும் கீறல் மரத்தின் ரேகையோடு உள்ளே ஓடப் பார்க்கும். வழியில் குறுக்கே இன்னொரு மரம் பதித்திருப்பதால் அந்த இடத்தோடு நிற்கும்.

இந்தக் கோணத்தில்தான் பழைய வயலின்கள் முழுவதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. கெடும், உடையும், திறக்க வேண்டி வரும் என்று முன்கூட்டியே எண்ணிச் செய்யப்பட்ட பொருள் வயலின். நூற்றாண்டுகள் தாண்டி அவை நிற்பதற்குக் காரணம் அந்த ஏற்பாடு.

பசையையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்த் தச்சர்கள் காய்ச்சுகிற வச்சிரம்தான், பழைய வயலின்களுக்குப் பேர்போன இத்தாலிய ஊரான கிரெமோனாவிலும். விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த அந்தப் பசையை வெந்நீர்ச் சட்டிக்குள் வைத்துச் சூடாகப் பூசுவார்கள். மேல்பலகையை ஒட்டும்போது அதை இன்னும் கொஞ்சம் நீர்க்க விடுவார்கள். குளிரில் மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை வெடிப்பதற்கு முன் பசை விட்டுக்கொடுக்க வேண்டும், அதற்காக. விட்டுப்போன ஓரத்தை ஒட்டுவது சின்ன வேலை. வெடித்த பலகையைச் சரிசெய்வது பெரிய வேலை. உள்ளே பழுது பார்க்க வேண்டுமென்றால் மெல்லிய கத்தியைச் செலுத்தி மேல்பலகையை முழுதாகக் கழற்றி, வேலை முடிந்ததும் திரும்ப ஒட்டலாம். வீட்டில் ஓரம் விட்டுப்போனால் தயவுசெய்து சூப்பர் குளூவைத் தொடாதீர்கள். அது மரத்தின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகிவிடும். அதன்பின் வச்சிரம் அந்த இடத்தில் பிடிக்காது. அடுத்த முறை திறக்கும்போது மரமே பிய்ந்து வரும்.

அருங்காட்சியகத்தில் முதலில் நிற்க வேண்டிய இடம் கிரெமோனாக் கைவினைஞர் ஆந்திரேயா அமாட்டி 1564இல் செய்த வயலின். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வயலின்களில் ஒன்று. பிரான்சு அரசர் ஒன்பதாம் சார்லஸின் அரண்மனைக்காகச் செய்யப்பட்டது. அப்போது அந்த அரசருக்கே பதின்மூன்று, பதினான்கு வயதுதான் என்று சொன்னால் பிள்ளைகள் இன்னும் கூர்ந்து பார்ப்பார்கள். பின்பலகையில் அரச முத்திரை தீட்டியிருக்கும். பக்கப்பட்டையில் பொன்னெழுத்தில் ஒரு லத்தீன் வாசகம் ஓடும். பக்தியாலும் நீதியாலும் என்பது அதன் பொருள். எங்கே ஓவியம் தேய்ந்திருக்கிறது, எங்கே தெளிவாக இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த இடங்கள் வாசித்தவர்களின் உடம்பும் கையும் பட்ட இடங்கள்.

பக்கப்பட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள மேப்பிள் மரம். ஈரப்படுத்தி, சூடான இரும்பில் அழுத்தி வளைப்பார்கள். சூடு போதாவிட்டால் ரேகை குறுக்கே ஓடும் இடத்தில் விரிசல் விடும். மிஞ்சினால் கருகும். வளைத்த பட்டைகளை ஒரு மர அச்சைச் சுற்றி, ஆறு கட்டைகளில் ஒட்டுவார்கள். மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், எடை குறைவு, நீளவாக்கில் விறைப்பு அதிகம். அதன் தடிமன் நம் கையில் இருக்கும் ஒரு பவுண்டு நாணயத்தின் தடிமனை ஒட்டியதுதான். குதிரை, அதாவது கம்பிகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டு, வழியாக அந்தப் பலகையைக் கம்பிகள் அழுத்தும் எடையோ ஏறத்தாழ 8 கிலோ. பலகை குழியாமல் இருப்பது அதன் வளைவாலும், தடித்த கம்பிப் பக்கம் உள்ளே ஒட்டியிருக்கும் நீளச் சட்டத்தாலும், மெல்லிய கம்பிப் பக்கம் குதிரைக் காலுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும் ஒரு சிறு தூணாலும். இந்தத் தூண், அதாவது சவுண்ட் போஸ்ட், 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்ப்ரூஸ் குச்சி. ஒட்டப்படாதது, இரண்டு பலகைகளுக்கும் நடுவே இறுக்கமாக நிற்கிறது, அவ்வளவுதான். இத்தாலியர் அதை வயலினின் உயிர் என்ற சொல்லால் அழைக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நாதம் மாறும்.

இனி ‘மெசையா’. அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி 1716இல் செய்தது. 1737இல் அவர் இறக்கும்வரை விற்காமல் பட்டறையிலேயே இருந்தது. 1775இல் அவர் மகன் பாவ்லோ அதைக் கோசியோ பிரபு என்ற இத்தாலியச் சேகரிப்பாளருக்கு விற்றார். பின்னர் லூயிஜி தாரிசியோ என்ற வணிகரிடம் வந்தது. அவர் பாரிஸ் போகும்போதெல்லாம் இந்த வயலினைப் பற்றிப் பேசுவார், கொண்டுவந்து காட்டமாட்டார். யூதர்கள் மெசையாவுக்காகக் காத்திருப்பதுபோல் ஆயிற்றே என்று வயலின் கலைஞர் அலார் சொன்னதாகவும், பெயர் அப்படி வந்ததாகவும் சொல்வார்கள். தாரிசியோ 1854இல் இறந்த பிறகு, அலாரின் மாமனாரான வியோம் என்ற வயலின் தயாரிப்பாளர் இத்தாலிக்கே போய் அதை வாங்கினார்.

இது கைமாறியதே தவிர, அதிகம் வாசிக்கப்படவில்லை. அதுதான் இதன் அருமை. வயலினின் சுருள் தலையை அருகே போய்ப் பாருங்கள். சுருளின் ஓர விளிம்பில் ஸ்ட்ராடிவாரி கறுப்பு மையால் ஒரு கோடு இழுத்திருப்பார். மற்ற பழைய வயலின்களில் பெரும்பாலும் அது கையும் துணியும் பட்டு மறைந்துபோயிற்று. இதில் அப்படியே இருக்கிறது. விளிம்புகள் மழுங்கவில்லை, மூலைகள் கூர்மையாக நிற்கின்றன, செம்பழுப்பு வார்னிஷ் பெரும்பாலும் முழுதாக இருக்கிறது. வாசிக்காமல் கண்ணாடிக்குள் வைத்திருப்பது வயலினுக்கு அநியாயம் என்று சொல்பவர்கள் உண்டு. புதிதாக வெளிவந்த நாளில் ஒரு ஸ்ட்ராடிவாரி எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ள உலகத்துக்கு இது ஒன்றாவது வேண்டும் என்று நான் நினைக்கிறேன். கம்பியை முறுக்கும் பிருடைகளும், கம்பிகளின் கீழ்முனையைப் பிடித்திருக்கும் டெயில்பீஸும் மட்டும் ஸ்ட்ராடிவாரியின் வேலை அல்ல. அந்தச் செதுக்கல்கள் வியோம் சேர்த்தவை.

இத்தனை புதிதாக இருப்பதே சந்தேகத்தையும் கிளப்பியது. வியோமே செய்த நகலோ என்று 1990களில் விவாதம் வந்தது. விடை மேல்பலகையில் இருந்தது. ஸ்ப்ரூஸில் நெடுக்காக ஓடும் ஒவ்வொரு கோடும் மரத்தின் ஓராண்டு. குளிரும் வறட்சியும் மிகுந்த ஆண்டில் கோடுகள் நெருங்கும், நல்ல ஆண்டில் விலகும். ஆல்ப்ஸ் மலை மரங்களின் ஆண்டு வளைய வரிசையோடு ஒப்பிட்டபோது, கடைசி வளையம் 1680களைச் சேர்ந்தது என்று வந்தது. இதனால் 1716இல் செய்தது என்பது பொருந்துகிறது. ஆனால் வளையங்கள் மரத்தின் வயதைத்தான் சொல்லும், செய்தவர் பெயரைச் சொல்லாது என்பதையும் பிள்ளைகளுக்கு விளக்குங்கள்.

கழுத்துப் பகுதிக்கு ஒரு சொல். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில், அதிக ஒலிக்காக, ஐரோப்பாவில் பழைய வயலின்களின் கழுத்தை நீட்டிப் பின்னால் சாய்த்து மாற்றினார்கள். சுருள் தலை விலைமதிப்பற்றது என்பதால் அதை அறுத்தெடுத்துப் புதிய கழுத்தில் ஒட்டினார்கள். பிருடைப் பெட்டியின் அருகே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்தால் அது இந்த அறுவைதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் சென்னை மணலியில் ஐரோப்பிய வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததும் ஏறக்குறைய இதே காலம். நம் பிள்ளைகள் மடியில் வைத்து வாசிக்கிற கருவி தன் வடிவத்தையே மாற்றிக்கொண்டிருந்த நாட்களில் நம்மிடம் வந்தது.

வீட்டு வயலினுக்குள் ‘அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ்’ என்று அச்சிட்ட சீட்டைக் கண்டு சில பெற்றோர் கேட்பதுண்டு. பிரான்சிலும் ஜெர்மனியிலும் இருந்த பட்டறைகள் இலட்சக்கணக்கான வயலின்களில் அந்தச் சீட்டை ஒட்டின. எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. நாட்டின் பெயரும் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் அப்போதிருந்துதான் அதைக் கேட்டது.

பழையது என்பதால் நாதம் உயர்ந்ததா என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். நேர்மையான பதிலைச் சொல்லுங்கள். 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் 21 கலைஞர்களுக்குக் கண்ணை மறைத்துப் பழைய வயலின் மூன்றும் புதியது மூன்றும் கொடுத்தார்கள். பெரும்பாலோரால் எது பழையது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. ஸ்ட்ராடிவாரியின் நாதத்துக்கு வார்னிஷில்தான் இரகசியம் என்ற கதையும் அப்படியே. 2009இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு, ஐந்து ஸ்ட்ராடிவாரிக் கருவிகளில் கண்டது அக்கால ஓவியர்களும் பயன்படுத்திய எண்ணெயும் பிசினும் நிறமிகளும்தான்.

கண்ணாடிப் பெட்டிக்குள் ஈரப்பதத்தை மாறாமல் காக்கிறார்கள். நம் வீடுகளில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும்போது காற்று காய்ந்து மரம் சுருங்குகிறது, பிருடை நழுவுகிறது. ரேடியேட்டர் அருகிலும் கார் டிக்கியிலும் வயலினை வைக்காதீர்கள். பத்துப் பவுண்டுக்குள் கிடைக்கும் ஈரப்பத மானி ஒன்றை வாங்கி, 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். கம்பி மாற்றும்போது நான்கையும் ஒன்றாகக் கழற்றினால் சவுண்ட் போஸ்ட் விழுந்துவிடலாம். ஒன்றை மாற்றி முடித்து மற்றொன்றைத் தொடுங்கள். சுருதி சேர்க்கச் சேர்க்கக் குதிரை விரல்பலகைப் பக்கம் சாயும். கவனிக்காவிட்டால் ஒரு நாள் படீரென்று விழும். வாசித்து முடித்ததும் வில்லிலிருந்து உதிர்ந்த ரோசின் தூளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கமகத்துக்காக விரலில் தேங்காயெண்ணெய் தொடும் பிள்ளைகள் அந்தக் கையால் பலகையைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரஸ்வதி பூஜையன்று வயலினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பது நம் வழக்கம். பக்தியில் குறை வேண்டாம். ஆனால் ஈரச் சந்தனம் வார்னிஷை வெளுக்கச் செய்யும், குங்குமச் சாயம் மரத்துக்குள் இறங்கினால் போகாது. பொட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். வயலின் மேல் ஒரு பட்டுத் துணியும் உலர்ந்த பூவும் போதும்.

பயண விவரம்: பேருந்து காலை 8.30க்குப் பள்ளி வாசலிலிருந்து புறப்படும், மாலை 5 மணிக்குத் திரும்பும். அருங்காட்சியகத்தில் நுழைவுக் கட்டணம் இல்லை. பேருந்துக்கு மட்டும் 12 பவுண்டு. எட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஒரு பெற்றோர். வரைவதற்குப் பென்சிலும் கோடில்லாத நோட்டும் கொடுத்தனுப்புங்கள். பேனா, ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வயலினைத் தேர்ந்து, அதன் ஒரு மூலையை மட்டும் பத்து நிமிடம் பார்த்து வரைய வேண்டும். மதிய உணவைக் கட்டிக் கொடுங்கள், கடலை சேர்த்த எதுவும் வேண்டாம். ஒப்புதல் படிவத்தை அடுத்த சனிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் சேர்ப்பியுங்கள். கூட வர விரும்பும் பெற்றோர் படிவத்தின் கீழே பெயரை எழுதுங்கள். ஆறு பேருக்கு இடம் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்