கார்டு எதுக்கும்மா என்று கேட்டவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். மழைக்கு ஒரு நாள் முன்னாலேயே அப்பாவுக்கு இடுப்பு வலி வந்துவிடுகிறது. நம் வீட்டில் வானிலை அறிக்கை தனியாகக் கேட்க வேண்டியதில்லை.

மும்பையில் மேக்கப் வேலை பார்க்கிற உன்னை, சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்து உறுப்பினர் கார்டு எடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், "இவ்வளவு பணம் கட்டி கார்டு எதுக்கும்மா? இன்ஸ்டாவைப் பாத்தே என்னைக் கூப்பிடறாங்களே" என்று. குக்கர் விசில் அடிக்குது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். விசில் ஒரு சாக்குதான். சட்டென்று சொல்லப் பதில் வரவில்லை. சங்கம் நல்லது, எடு என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அது முழு உண்மை இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தானே, பொறுமையாகப் படி.

நீ என் வயிற்றில் ஆறு மாதம். அப்பா அப்போது ஒரு சினிமா ஸ்டுடியோ ஃபுளோரில் மேலே பரணில் உட்கார்ந்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி வேலை, பலகை சரியாகக் கட்டவில்லை. விழுந்துவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது இடுப்பு எலும்பு முறிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். மறுநாள் கம்பெனி மேனேஜர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் சொன்ன வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது: "நேத்து எங்க லிஸ்ட்ல இவர் பேரே இல்லம்மா. வேற யாருக்கோ பதிலா வந்துட்டாரு போல."

எனக்கு என்ன சொல்வது என்றே தெரியவில்லை. அன்றைக்கு அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அவருடைய உடைந்த இடுப்பைத் தவிர என்னிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது? சாயங்காலம் அப்பா சங்கத்து செயலாளர் வந்தார். கக்கத்தில் பலசரக்குக் கடைக் கணக்கு நோட்டு மாதிரி நீளமாக ஒரு நோட்டு. எந்த ஃபுளோருக்கு எந்தக் கம்பெனிக்கு எத்தனை ஆள் அனுப்பினோம், யார் யார் என்று தினமும் எழுதி வைக்கிற நோட்டு. அந்தத் தேதியில் நாலாவது வரியில் அப்பா பெயர். மேனேஜர் அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார். அதற்குமேல் பேச்சு வேறு மாதிரி போனது. ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி கட்டியது. அப்பா எழுந்து நடக்கிறவரை உறுப்பினர்கள் ஆளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உன் பிரசவச் செலவில் அந்தப் பணமும் இருக்கிறது.

அப்பா எத்தனையோ படத்துக்கு விளக்குப் பிடித்திருக்கிறார். ஒரு படத்தின் டைட்டிலிலும் அவர் பெயர் ஓடியதில்லை. அந்த நோட்டில்தான் இருந்தது.

நீ ஊரில் எல்லோரிடமும் ஃபெப்சி என்று சொன்னால் கூல்டிரிங்க்ஸ் கம்பெனியா என்று கேட்பார்கள் என்று சின்ன வயதில் சிரிப்பாய். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்கள் சம்மேளனம். லைட்மேன், கார்பென்டர், காஸ்ட்யூமர், மேக்கப், ஸ்டன்ட், டான்ஸ், டிரைவர், டப்பிங் என்று 20-க்கும் மேற்பட்ட சங்கங்கள், சுமார் 25,000 பேர். வடபழனியில் அந்த அலுவலகத்து வாசல் டீக்கடையில் நின்றாலே யாருக்கு வேலை இருக்கிறது, யார் சும்மா இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் இரண்டு பேரைப் பழைய ஆட்கள் எப்போதும் சொல்வார்கள். ஒருவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், இன்னொருவர் கல்கத்தாவிலிருந்து வந்த கேமராமேன் நிமாய் கோஷ். வாசித்து முடித்த கையோடு வாத்தியக்காரர்களுக்குக் கூலி கைக்கு வந்துவிட வேண்டும் என்று எம்.பி.எஸ். பிடிவாதமாக நின்றாராம். இன்றைக்கு வா, நாளைக்கு வா என்று கம்பெனி வாசலில் நிற்கவைத்த காலம் அது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், மும்பையில் சீரியலில் வேலை பார்த்தால் 90 நாள் கழித்துத்தான் பணம் வரும் என்று நீதானே புலம்பினாய். மூன்று மாதத்து வீட்டு வாடகையை யார் தருவார்கள்? நான் ஹேர் டிரஸ்ஸராக வேலை பார்த்த காலம் பூராவும் ஷூட்டிங் முடிந்து பேக்கப் ஆனதும் வவுச்சரில் கையெழுத்து, கையில் பேட்டா. அது ஏதோ கம்பெனிக்காரர்கள் மனம் இரங்கிக் கொடுத்தது என்று நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பொள்ளாச்சியில் ஒரு அவுட்டோர் உனக்கு நான் சொன்னதில்லை. காலையில் நாலரைக்கு வண்டி ஏறினோம். முப்பது குரூப் டான்ஸருக்கும் சவுரி வைத்துப் பின்னி, பூச்சுற்றி, கொண்டை ஊசி குத்திக் குத்தி என் கட்டைவிரல் நகக்கண் கிழிந்துவிட்டது. சாயங்காலம் ஆறு மணி ஆனது. இன்னும் ஒரு சரணம் எடுத்துவிடலாம் என்றார் டைரக்டர். வெளிச்சம்கூட இல்லை, லைட் போட்டு எடுக்கலாம் என்கிறார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சங்கத்தின் சார்பில் வந்திருந்த ஒரு அண்ணன் எழுந்து போய் மேனேஜர் முன்னால் நின்று, ஒன்றும் பேசாமல் சட்டைக் கையை மேலே ஏற்றி வாட்சைக் காட்டினார். அவ்வளவுதான். மேனேஜர் டைரக்டரிடம் போய்க் காதில் ஏதோ சொன்னார். எடுப்பதாக இருந்தால் எல்லோருக்கும் கூடுதல் பேட்டா. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு பேக்கப் சொல்லிவிட்டார்கள். சங்கம் பின்னால் இல்லாமல் அந்த அண்ணன் போய்க் காட்டியிருந்தால் மறுநாள் அவருக்கு வேலை இருந்திருக்காது.

சில வருஷத்துக்கு ஒரு முறை தயாரிப்பாளர்களோடு உட்கார்ந்து கூலி, பேட்டா, எத்தனை மணிக்கு மேல் எவ்வளவு என்றெல்லாம் பேசி முடிப்பார்கள். பேசும்போது ஸ்டிரைக், மிரட்டல், பேப்பரில் அறிக்கை எல்லாம் உண்டு. பேசி முடித்தபின் என்னை மாதிரி பேரம் பேசத் தெரியாதவளுக்கும் அதே கூலி. நீ கெட்டிக்காரி, பேரம் பேசுவாய். உன் கூட சீப்பு எடுத்துக்கொடுக்க வருகிறாளே அந்த நாசிக் பெண், அவள் பேசுவாளா?

இனி சங்கத்தின் மறுபக்கத்தையும் சொல்கிறேன். இல்லாவிட்டால் நீ யாரிடமாவது கேட்டுக்கொண்டு வந்து "இதைச் சொல்லலையேம்மா" என்பாய்.

1997 உனக்கு நினைவிருக்காது. ஃபெப்சிக்கும், படைப்பாளிகள் என்று தனியாகப் பிரிந்தவர்களுக்கும் சண்டை. மாதக்கணக்கில் ஷூட்டிங் நின்றது. உன் வெள்ளிக் கொலுசு, என் வளையல் இரண்டு, மிக்ஸி எல்லாம் அப்போது போனதுதான். யார் பக்கம் நியாயம் என்று அப்பாவும் உன் பெரியப்பாவும் இன்னும் தீபாவளிக்குத் தீபாவளி சண்டை போடுகிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டு பக்கமும் வீம்பு. பெரியவர்கள் வீம்புக்கு அடுப்பு அணைந்தது எங்கள் வீட்டில். இரண்டு பேர் போதும் என்கிற இடத்துக்கு ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போ என்பதும் நடந்திருக்கிறது. சின்ன பட்ஜெட்காரன் அழுவதில் பாதி நியாயம் உண்டு. கார்டு பணமும் எனக்குச் சரியாகப்படவில்லை. பரம்பரையாக உள்ளே இருக்கிறவன் பிள்ளைக்குச் சுலபம், வெளியிலிருந்து வருகிற ஏழைப் பிள்ளைக்கு மலை.

எனக்கு மனசில் இருக்கிற பெரிய குறை வேறு. நான் வேலைக்கு வந்தபோது முகத்து மேக்கப் ஆம்பளை வேலை, தலைமுடி பொம்பளை வேலை என்று ஒரு கோடு. ஹீரோயின் நெற்றியில் வழிகிற வேர்வையை நான் பஞ்சால் ஒற்றலாம், ஆனால் பவுடர் பஃபைத் தொட்டால் முறைப்பார்கள். கூடவே நின்று பார்த்துப் பார்த்து எனக்கு மேக்கப் முழுக்க வரும். உனக்கு ஆண்டுவிழாவுக்கு நான் போட்டுவிட்ட பாரதமாதா வேஷத்தை உன் டீச்சர் எந்த மேக்கப்மேன் என்று கேட்டார்களே! ஒரு கூட்டத்தில் எழுந்து கேட்டேன், நாங்களும் மேக்கப் கார்டு எடுக்கலாமா என்று. சில பேர் சிரித்தார்கள். உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்தது தப்பு என்று பின்னால் தோன்றியது.

அந்தக் கோட்டை அழித்தது உன் மும்பையில் தொடங்கிய வழக்குதான். சாரு குரானா என்ற பெண் மேக்கப் கற்றுக்கொண்டு வந்து அங்கே சங்கத்தில் உறுப்பினராகக் கேட்டார். பெண்ணுக்கு ஹேர் டிரஸ்ஸர் கார்டுதான், மேக்கப் கார்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். கார்டு இல்லாமல் வேலை பார்த்ததற்கு 26,500 ரூபாய் அபராதம் வேறு. அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 2014 நவம்பர் 10-ஆம் தேதி தீர்ப்பு. பெண்ணைத் தடுக்கிற விதி செல்லாது. மகாராஷ்டிராவில் 5 வருஷம் குடியிருந்திருந்தால்தான் சேர்ப்போம் என்ற விதியும் செல்லாது. சாலிகிராமத்திலிருந்து போன நீ அந்தேரியில் பிரஷ் பிடிக்கிறாய் என்றால் இரண்டு கதவையும் அவர் உடைத்துப் போட்டதால்தான். தீர்ப்பு வந்த அன்று டிவியில் கேட்டுவிட்டு நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அப்பா என்ன ஆச்சு என்றார். வெங்காயம் என்றேன்.

சங்கம் அப்படி என்றால் அதில் எதற்குச் சேர வேண்டும் என்று அடுத்த கேள்வி கேட்பாய். அந்தப் பெண்ணே சங்கம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போகவில்லை பாப்பா. உள்ளே விடு என்றுதான் போனார்.

கொரோனா வந்தபோது நீ அங்கே மாட்டிக்கொண்டாய், நாங்கள் இங்கே. 2020 மார்ச் 19-லிருந்து ஷூட்டிங் இல்லை. ஒரு மூட்டை அரிசி 1,250 ரூபாய், 15,000 பேருக்கு என்றால் கிட்டத்தட்ட 2 கோடி ஆகிறது, கொடுங்கள் என்று ஃபெப்சி தலைவர் ஆர்.கே. செல்வமணி நடிகர்களிடம் கேட்டார். ரஜினிகாந்த் 50 லட்சம் கொடுத்தார், இன்னும் பலர் கொடுத்தார்கள். நம் வீட்டுக்கும் மூட்டை வந்தது. நீ மாதாமாதம் பணம் போட்டுக்கொண்டிருந்தாய், நமக்கு வேண்டாம் என்று அப்பா திருப்பிவிடச் சொன்னார். நான் வாங்கினேன். வாங்கி, பின்வீட்டு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் அக்காவுக்குப் பாதி கொடுத்தேன். எத்தனை வருஷம் சந்தா கட்டியிருக்கிறேன், அது தர்மம் இல்லையே. செப்டம்பரில் 75 பேருக்கு மேல் இல்லாமல் ஷூட்டிங் நடத்தலாம் என்று அரசாங்கம் விட்டபோது, யாரை அனுப்புவது, யாரை உட்காரவைப்பது என்று சங்கத்தில் முறை போட்டார்கள். என் முறை பதினோராவது நாள் வந்தது. அந்த நாளில் எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

உனக்கு எல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. டேட், ரேட், லொகேஷன், கடைசியில் ஒரு கட்டைவிரல். எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் சினிமாத் தொழிலாளியை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1981-லேயே டில்லியில் சட்டம் போட்டார்கள். நானே ஒரு ஒப்பந்தத்தையும் கண்ணால் பார்த்ததில்லை, ஆகவே சட்டத்தைக் காட்டி உன்னைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் பணம் வராத அன்றைக்கு அந்தக் கட்டைவிரலை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவாய்? போன மாதம் லோனாவாலாவில் பதினாறு மணி நேரம் நின்றேன், ஒதுங்கக்கூட இடம் இல்லை, தண்ணீர் குடிக்காமலே இருந்தேன் என்றாயே. நான் வேலைக்கு வந்த வருஷமும் அதேதான். நாலு பேர் சேலையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்போம். கேரளத்தில் சினிமாவில் வேலை பார்க்கிற பெண்களின் நிலையை விசாரித்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024-இல் வெளியே வந்தபோது அதிலும் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை என்றுதான் எழுதியிருந்தது. எனக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. என் மகளுக்கும் அதே கதை என்பதுதான் தாங்கவில்லை. நீ மட்டும் போய் மேனேஜரிடம் கேட்டால் "மேடத்துக்கு ரொம்ப டிமாண்ட்" என்பான்.

மும்பையில் 1956-லிருந்தே பெரிய சம்மேளனம் இருக்கிறது, அதில் உங்கள் வேலைக்கான சங்கமும் இருக்கிறது. அந்தேரியில் விசாரி. எவ்வளவு பணம், தவணை உண்டா, விபத்து இன்சூரன்ஸ் என்ன என்று முதலில் கேட்டு எழுதிக்கொள். ரசீது இல்லாமல் யார் கையிலும் பத்து பைசா கொடுக்காதே, நடுவில் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவனை வாசலோடு அனுப்பு. சேர்ந்தபின் கூட்டத்துக்குப் போ. பின்வரிசையில் உட்காராதே. அந்த நாசிக் பெண்ணையும் கூட்டிப் போ.

பணத்துக்கு யோசிக்காதே. பங்குனியில் என் சீட்டு முதிர்கிறது, எடுத்து வைக்கிறேன். அப்பாவுக்குத் தெரியும், அவர்தான் இதை எழுது என்றார். அவருடைய பழைய கார்டு பீரோவில் சேலைக்கு அடியில் இருக்கிறது. ஓரமெல்லாம் கரையான் அரித்த மாதிரி ஆகிவிட்டது, போட்டோவில் முடி மட்டும் கருகரு என்று நிற்கிறது.

அப்புறம், கார்டுக்கு போட்டோ எடுக்கப் போகும்போது வீட்டிலேயே தலை வாரிக்கொண்டு போ. கடையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் நூலில் கட்டித் தொங்கவிட்டிருப்பான் ஒரு சீப்பு, அதைத் தொட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா
சாலிகிராமம்