கார்டுக்காகக் கழுத்தை நீட்டியவள் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு பதிப்பின் குடும்ப ஆலோசனைப் பகுதியில், மனைவியைப் பிரியப்போகும் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது உங்கள் ஆலோசகர், மலேசியக் குடியுரிமை அட்டையான நீலக் கார்டைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: "நீலக் கார்டுக்காகவே கழுத்தை நீட்டும் வெளிநாட்டுப் பெண்கள் பெருகிவிட்டார்கள், நம் பையன்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்."

கழுத்தை நீட்டியவர்களில் நானும் ஒருத்தி. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து கிள்ளானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே பிறந்த என் மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். நீலக் கார்டு இருக்கட்டும், நிரந்தரவாசிகளுக்குத் தரும் சிவப்புக் கார்டுகூட இதுவரை என் கைக்கு வந்ததில்லை. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற பொருளை எப்படிக் கோட்டைவிட்டேன் என்று உங்கள் ஆலோசகர்தான் சொல்ல வேண்டும்.

இங்குள்ள நடைமுறை உங்களுக்குத் தெரியாததல்ல. மலேசியரைக் கட்டிக்கொண்டு வருகிறவளுக்கு நீண்ட காலச் சமூக வருகைப் பாஸ் என்ற தங்கும் அனுமதிதான். அதைப் புதுப்பிக்கக் கணவர் கூட வர வேண்டும். தொடர்ந்து 5 ஆண்டு இருந்தால் நிரந்தரவாசத்துக்கு மனுப் போடலாம். போடலாம்தான், மனுவுக்கும் அவர்தான் கையெழுத்திட வேண்டும். அரசியலமைப்பின் 15ஆவது பிரிவில் மனைவிக்குக் குடியுரிமைக்கு வழி இருக்கிறது, அதற்கும் கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும். (வெளிநாட்டு மாப்பிள்ளைகளுக்கு அந்த வழியும் கிடையாது. அவர்களை யாரும் கார்டுக்காக வந்தவர்கள் என்று சொல்லிக் கேட்டதில்லை.)

எங்கள் வீட்டில் சண்டை வந்தால் தட்டு பறக்காது, சத்தம்கூட வெளியே வராது. "அடுத்த தடவை பாஸ் எடுக்க நீயே போய்க்கோ" என்பார். அவ்வளவுதான். அன்று ராத்திரி நான் வாயைத் திறக்க மாட்டேன். பாஸிலேயே வேலை செய்யத் தடை என்று முத்திரை. தனி அனுமதி வாங்கினால் செய்யலாம் என்கிறார்கள், கடைக்காரர்களோ முத்திரையைப் பார்த்ததும் கடப்பிதழை (பாஸ்போர்ட்டை) திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரில் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசில் கணக்குப் பார்த்தவள், இங்கே கணவரிடம் மீன் வாங்கிய சீட்டைக் காட்டி மிச்சக் காசைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பிரிந்த பிறகு ஒரு கவுண்டரில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "கணவர் எங்கே?" இரண்டாவது கேள்வியும் அதேதான், கொஞ்சம் சத்தமாக. விவாகரத்து மனுவுக்கு முன்னால் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போ என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். சரி, சமரசம் பேசட்டும், நல்லதுதான். அவர்கள் பேசி முடிக்கும்வரை பாஸ் காத்திருக்குமா? ஊருக்குப் போய்விடு என்று சொல்லாத ஆளில்லை. என் மகள் மலேசியக் குடிமகள். இந்தியாவும் இரட்டைக் குடியுரிமை தராது, மலேசியாவும் தராது. ஊருக்குக் கூட்டிப்போனால் அங்கே அவள் வெளிநாட்டுக்காரி, இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரும் ஓசிஐ அட்டைக்கு அலைய வேண்டும். இங்கேயே இருந்தால் நான் வெளிநாட்டுக்காரி. தாயும் மகளும் சேர்ந்தாற்போல் சொந்த நாட்டில் இருக்க ஒரு நாடு இல்லை எங்களுக்கு.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமைத் திருத்தத்தை நிறைவேற்றியபோது, வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மார்களுக்கு நீதி கிடைத்தது என்று முதல் பக்கத்தில் கொண்டாடினீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். அதே திருத்தத்தில் அரசியலமைப்பின் 26(2) பிரிவு என்று ஒன்றும் இருந்ததே? திருமணமாகி 2 ஆண்டுக்குள் மணமுறிவு வந்தால் மனைவியின் குடியுரிமையைப் பறிக்கலாம் என்று முன்பு இருந்தது. அந்த 2 ஆண்டை இனிமேல் குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று மாற்றினார்கள். அதாவது பத்து வருடம் குடும்பம் நடத்தி, காத்திருந்து காத்திருந்து கார்டு வாங்கியவளும் அதற்கப்புறம் 2 வருடம் அடி உதை எதுவானாலும் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும். கார்டுக்காக வந்தவர்களை இதைவிட இறுக்கிக் கட்ட முடியாது. உங்கள் பத்திரிகையில் உள்பக்கத்தில்கூட இதைப் பற்றி ஒரு பத்தி இல்லை.

பேச ஆரம்பித்தாயிற்று, இதையும் சொல்லிவிடுகிறேன். போன வருடம் "காணவில்லை" விளம்பரத்தில் ஒரு பெண்ணின் படத்தைக் கடப்பிதழ் எண்ணோடு போட்டீர்கள். அவள் காணாமல் போகவில்லை. புருஷன் அடித்தான் என்று போலீசில் ரிப்போர்ட் செய்துவிட்டுத் தோழி வீட்டில் இருந்தாள். குடும்ப வன்முறைச் சட்டம் 1994லேயே வந்தாயிற்று, அடிபட்டவளிடம் எந்த நாட்டுக் கடப்பிதழ் என்று அது கேட்பதில்லை. பணம் கட்டி விளம்பரம் கொடுத்தவர் யார் என்று உங்கள் விளம்பரப் பிரிவும் கேட்கவில்லை.

எங்கள் தாமானிலேயே, அதாவது எங்கள் குடியிருப்பிலேயே, ஒருத்தி இருக்கிறாள். கோயிலில் தாலி கட்டிப் படமும் எடுத்தார்கள், பதிவு மட்டும் செய்யவில்லை. 1982 மார்ச் முதல் நம் திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம் என்று மாப்பிள்ளை வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தகப்பன் குடியுரிமை வராது, தாயின் வழிதான். தாயோ இந்தியக்காரி. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பையன் இன்று எந்த நாட்டுப் பிள்ளை என்று உங்கள் ஆலோசகரைக் கேட்டுச் சொல்லுங்கள். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவன் அவன் அப்பனா, அவளா?

ஆலோசகர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் எழுதவில்லை. பெரியவர், நிறையக் குடும்பங்களைப் பார்த்திருப்பார். நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் ஞாயிறு பதிப்பில் கல்யாண வாழ்த்து விளம்பரங்கள் இரண்டு பக்கத்துக்கு வருகின்றன. அந்தப் பக்கங்களின் அடியில், "பதிவு செய்துவிட்டீர்களா? பதிவுச் சான்றிதழின் நகல் மணப்பெண்ணிடமும் இருக்கிறதா?" என்று வாரம் ஒரு வரி போடுங்கள். ஒரு வாரம் மட்டும், கணவர் துணையில்லாமல் பாஸுக்கு மனுச் செய்ய என்னென்ன பத்திரம் வேண்டும் என்பதைக் குடிநுழைவு இலாகாவில் கேட்டுத் தமிழில் கட்டம் கட்டிப் போடுங்கள். நாங்கள் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. பத்திரிகையிலிருந்து கேட்டால் ஒழுங்காகச் சொல்வார்கள்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
வாசகி, கிள்ளான்